இயந்திரத்தின் காய்ச்சல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், 2019-ஆம் ஆண்டு முதல் மாவட்டத் தலைநகராக விளங்கும் ஊர் தென்காசி. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியே வீசத் தொடங்கியதும், அதனை அடுத்துள்ள குற்றாலத்தில் சாரல் பொழியும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் பெருகும். அருவியாடும் வேட்கையுடன் மக்கள் பல திசைகளிலிருந்தும் மோட்டார் வண்டிகளில் வந்து குவிவர். மனிதர் உடல் குளிரும் அவ்விடத்திலேயே, அவர்கள் ஏறிவந்த வண்டிகளுள் சில கொதித்து ஆவி கக்கி நிற்பதும் உண்டு. சாரலில் நனையும் வண்டிக்குக் காய்ச்சல் வருவானேன்?

எஞ்சினின் உருளைகளுக்குள் எரிபொருள் எரிந்து பெருவெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டும் ஆற்றலாக மாறுகிறது. மற்றொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதை அகற்றாவிட்டால் எஞ்சின் கெட்டுவிடும். அதனை அகற்றுவது நீரின் வேலை. எஞ்சினைச் சூழ்ந்து ஓடும் நீர் வெப்பத்தை ஏற்று, ரேடியேட்டருக்குச் செல்கிறது. பேரருவி பாறையில் மோதிச் சிதறும்போது, அதன் நீர் எங்கும் காற்றில் பரவுகிறது அன்றோ? அவ்வாறே ரேடியேட்டரும் நீரைப் பல மெல்லிய குழாய்களில் பகிர்ந்து, காற்று அதன் வெப்பத்தைக் கவர்ந்து செல்லுமாறு செய்கிறது. ஆறிய நீரைப் பம்பு மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்துகிறது.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. 1888-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த மோட்டார் வண்டியில், மைந்தர் இருவருடன் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்குப் பயணம் செய்தார். அவ்வண்டியில் நீர் கொதித்து ஆவியாவதனாலேயே எஞ்சின் குளிர்ந்தது. ஆகவே வழிநெடுக நீர் தேடி வார்க்க வேண்டியிருந்தது. பின்னர், 1900-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியாளர், ஏறத்தாழ 8,000 சிறு குழாய்கள் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டரை அமைத்தார். அதன் பயனாகக் குறைந்த அளவு நீரே நெடுந்தொலைவுக்குப் போதியதாயிற்று.

வண்டி எவ்விடத்தில் சூடேறுகிறது என்பதே நோயறியும் முதற்குறி. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் குறுகிய வழி, அருவிக் காலத்தில் வண்டிகளால் நிறைந்துவிடும். அங்கு ஊர்ந்து செல்லும் வண்டியின் முகத்தில் காற்று விரைந்து மோதுவதில்லை. விசிறி ஒன்றே காற்றை இழுத்துத் தர வேண்டும். நெரிசலில் சூடேறிய வண்டி, வெறுஞ்சாலையில் விரைந்து ஓடியதும் ஆறுமாயின், விசிறியையே முதலில் ஐயுற வேண்டும். இக்கால வண்டிகள் பலவற்றில் விசிறியைச் சுழற்றுவது மின்மோட்டார். அதன் பியூஸ் போயிருக்கலாம்.

செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய்க்கு ஏறும் மலைச்சாலையின் சோதனை வேறு. அங்கு எஞ்சின் மிகுதியாக உழைக்கிறது, வெப்பமும் மிகுதியாகிறது. சமநிலத்தில் நலமாக ஓடிய வண்டி ஏற்றத்தில் மட்டும் கொதிக்குமாயின், நீர் குறைந்திருக்கலாம். ரேடியேட்டரின் உள்ளே உப்பு படிந்தோ, வெளியே சேறும் பூச்சியும் அடைத்தோ இருக்கலாம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்படிவே இங்கும் படிகிறது. அதனாலேயே வடித்த நீருடன் கூலண்ட் கலந்து ஊற்றுதல் வேண்டும்.

எஞ்சின் கொதிக்கும்போதும் ரேடியேட்டர் குளிர்ந்திருப்பின், நீர் ஓட்டம் தடைப்பட்டது என்பது தெளிவு. பம்பு பழுதாகியிருக்கலாம், அல்லது நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறவாதிருக்கலாம். மெக்கானிக் அதனைக் கழற்றி, பாத்திரத்து நீரிலிட்டுக் காய்ச்சிப் பார்ப்பார். நீர் கொதிக்கும்போதும் அது திறவாவிடின் புதியதை மாற்றுவார். பெல்ட்டினால் பம்பு சுழலும் வண்டியில் பெல்ட் அறுந்தாலும் இதே நிலை உண்டாகும். புகைக்குழாயில் வெண்புகை தொடர்ந்து வந்து, எஞ்சின் எண்ணெயும் பால் கலந்த காப்பி போல் நிறம் மாறியிருப்பின், ஹெட் கேஸ்கெட் பழுதாகி நீர் உள்ளே கசிகிறது என்று அறியலாம். அவ்வண்டியை மேலும் ஓட்டுதல் கூடாது.

நோயைக் காட்டிலும் கொடியது அவசரம். வெப்பமுள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. சமையலறைக் குக்கரில் போலவே, மூடிக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால், நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாமல் அடங்கியிருக்கிறது. மூடி திறந்த அக்கணமே அழுத்தம் நீங்கி, கொதிநீரும் ஆவியும் சீறி எழுந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. சூடான உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிக்கக்கூடும். நன்றாக ஆறும் வரை பொறுத்திருந்து, மூடியைத் துணியால் பற்றி மெல்லத் திறந்து, நீர் குறைந்திருந்தால் நிரப்பலாம்.

நிரப்பியதோடு பணி முடிந்துவிடவில்லை. ரப்பர்க் குழாய் வெடித்திருக்க, சிற்றாற்று நீர் முழுவதையும் ஊற்றினாலும் பயன் என்ன? ஊற்றிய நீர் எவ்வழியே போயிற்று என்று தேடிக் காண்பவனே நோயைத் தீர்ப்பவன். காரணத்தை அறிந்து மருந்து தருதல் உடலுக்கு மட்டுமன்றி, மனிதன் படைத்த இயந்திரத்திற்கும் பொருந்தும். சிவப்புக் கோட்டை நெருங்கும் அச்சிறு முள் இயந்திரத்தின் முறையீடு. அதனை மதித்து நின்றவர் சிறிது நேரம் தாமதித்தேனும் நலமுடன் அருவியை அடைவர்.