உடையாது என்கிறார்கள், வளையும் என்பதை மறந்துவிடுகிறார்கள்

வளவனூரில் இருந்து மேற்கே விழுப்புரம், கிழக்கே புதுச்சேரி. எந்தப் பக்கம் போனாலும் பெயர்ப்பலகைக் கடையில் அளவைச் சொன்னால் அக்ரிலிக் ஷீட்டை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆறடி நீளத்தில் மீன்தொட்டியை வீட்டிலேயே செய்துவிடலாம் என்ற துணிச்சல் வருவது இயல்புதான். அந்தத் துணிச்சலுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: அக்ரிலிக் உடையாது. அதில் பாதி உண்மை. ஒரே அளவுள்ள கண்ணாடியைவிட அக்ரிலிக் நன்றாக அடி தாங்கும், எடையும் பாதிக்கும் கீழேதான். ஆனால் மீன்தொட்டியை யாரும் சுத்தியலால் அடிப்பதில்லை. இரவும் பகலும் வருடக்கணக்கில் தண்ணீர்தான் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளலுக்கு எதிராக நிற்க வேண்டியது விறைப்பு. விறைப்பில் அக்ரிலிக் கண்ணாடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்கு, இது பிளாஸ்டிக். ஓயாத சுமை இருந்தால் மாதங்கள் போகப் போக இன்னும் கொஞ்சம் தொய்ந்து கொடுக்கும். வீட்டில் செய்த தொட்டிகளைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் பெரும்பாலும் இந்த வளைவைக் கணக்கில் சேர்க்காததால் வருபவை.

முதலாவது, கனம் பற்றியது. 12 மி.மீ. கண்ணாடி போதும் என்ற இடத்தில் அதே கனத்து அக்ரிலிக் தாராளம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது இருபது மடங்குக்கு மேல் வளையும். 12 மி.மீ. கண்ணாடி அளவுக்கே வளைய வேண்டுமென்றால் அக்ரிலிக் ஏறக்குறைய 34 மி.மீ. கனம் இருக்க வேண்டும். அக்ரிலிக் கொஞ்சம் வளைந்தாலும் உடையாதே, அவ்வளவு கனம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 34 தேவையில்லைதான். ஆனால் முன்பக்கம் வயிறு தள்ளும்போது அந்த இழுப்பு முழுவதும் போய்ச் சேர்வது ஒட்டிய விளிம்புகளில். இரண்டடி உயரத் தொட்டிக்கு 18 அல்லது 20 மி.மீ. ஷீட்டும், நான்கு சுவரையும் மேலே கட்டிப் பிடிக்கும் ஒரு மூடியும் வேண்டும் என்பது என் கருத்து. அந்த மூடியைப் பட்டைப் பட்டையாக ஒட்டாமல் ஒரே ஷீட்டில் வெட்டி, நடுவில் கை போக வழி விட வேண்டும். அந்த வழியின் மூலைகள் கட்டாயம் வளைவாக இருக்கட்டும். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும். மேலே திறந்திருந்தால் பார்க்க அழகுதான், அதற்கு விலை இன்னும் கூடுதல் கனம்.

தண்ணீர் அதிகமானால் அழுத்தமும் அதிகமாகும் என்பது அடுத்த நம்பிக்கை. அதனால் அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டுகிறார்கள். ஆபத்தைத் தாங்களே வரவழைக்கிறார்கள். அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஆழம் மட்டும்தான். இந்தப் பக்கத்து ஏரிக்கரை எதையும் பாருங்கள், அடியில் அகன்று மேலே ஒடுங்கியிருக்கும்; ஏரி எத்தனை ஏக்கர் பரந்தது என்பதை வைத்து யாரும் கரையின் கனத்தை முடிவு செய்யவில்லை. 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. உயரம் உள்ள முன்பக்க ஷீட்டை நிறைந்த தண்ணீர் தள்ளும் விசை சுமார் 324 கிலோ எடைக்குச் சமம். தொட்டியின் அகலம் ஒன்றரை அடியானாலும் நான்கடியானாலும் இந்தக் கணக்கு மாறாது. உயரத்தை 90 செ.மீ. ஆக்கினால் அது 729 கிலோவுக்குத் தாவிவிடும். இடம் இருந்தால் அகலத்தைக் கூட்டுங்கள், மீனுக்கும் அதுதான் நல்லது.

ஒட்டுவதில் நடக்கும் தவறு கண்ணாடித் தொட்டிப் பழக்கத்தால் வருகிறது. சிலிக்கான் கண்ணாடியைக் கவ்வுவதுபோல அக்ரிலிக்கைக் கவ்வாது; உரித்தால் நாடா போலக் கையோடு வந்துவிடும். அக்ரிலிக்கை ஒட்ட வேண்டியது அதைக் கரைக்கும் திரவத்தால். பெயர்ப்பலகைக்காரர்கள் குளோரோஃபார்ம் ஊற்றி ஒட்டுவது இந்த முறைதான். ஆனால் தண்ணீர் போன்ற அந்தத் திரவம் இடைவெளியை நிரப்பாது. இரண்டு விளிம்பும் வெளிச்சம் நுழையாதபடி பொருந்தினால்தான் ஒட்டு ஒரே பொருளாகும். பொருந்தாத இடத்தில் வெள்ளைக் குமிழிகள் வரிசையாகத் தெரியும், அங்கே பிடிப்பில்லை. லேசரில் வெட்டிய விளிம்பு பளபளவென்று இருந்தாலும் உள்ளே சூட்டின் இறுக்கம் தங்கியிருக்கும். அதன்மேல் கரைப்பான் பட்டால் முடி போன்ற விரிசல்கள் ஓடும். அதை இழைத்துச் சமப்படுத்திவிட்டே ஒட்ட வேண்டும். கரைப்பானின் ஆவி மூச்சுக்குக் கெடுதல், மூடிய அறையில் இந்த வேலை கூடாது. உலகின் பெரிய மீன்காட்சியகங்கள் எல்லாம் அக்ரிலிக்தானே என்று கேட்பவர்களுக்கு: ஜப்பானின் ஒக்கினாவா சுராவுமி காட்சியகத்தில் 8.2 மீட்டர் உயர அக்ரிலிக் சுவரின் கனம் 60 செ.மீ.! இன்னொரு பக்கம், பெர்லின் ஹோட்டல் ஒன்றில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரோடு நின்ற அக்வாடோம் என்ற உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் வெடித்துச் சிதறியது. நிபுணர்கள் ஆராய்ந்த சாத்தியங்களில் ஒட்டுப் பகுதி விட்டுப்போனதும் ஒன்று.

ஸ்டாண்டு விஷயத்தில் எல்லோரும் கால்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். இந்த அளவுத் தொட்டி தண்ணீர், மணல், கல்லோடு முக்கால் டன் வரும். ஒரு காலுக்கு இருநூறு கிலோகூட இல்லை. நல்ல சவுக்குக் கட்டையே தாங்கும். கெடுவது மேல்சட்டம். கண்ணாடித் தொட்டியை ஓரங்களில் தாங்கினாலே போதும் என்று விடுவதுண்டு. அக்ரிலிக் தொட்டியின் அடி முழுவதும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் அடிப்பலகையே தொய்ந்து மூலை ஒட்டுகளை இழுக்கும். ஸ்கொயர் பைப்பில் வெல்டிங் வைக்கும்போது சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் சமமா என்று பாருங்கள், கொத்தனாரின் டியூப் மட்டத்தை நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மேலே 18 மி.மீ. பிளைவுட் போட்ட பிறகுதான் தெர்மோகோல். தெர்மோகோல் மணல் துகள் அளவு மேடு பள்ளத்தை விழுங்கும், முறுக்கிய சட்டத்தைச் சரிசெய்யாது. பக்கவாட்டில் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம் அவசியம்.

மாடி வீடென்றால் இன்னொரு கணக்கு. குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வரும். அது அறை முழுவதற்குமான கணக்கு, ஒரு மூலையில் கூடினால் என்ன என்று வாதிடலாம். சுமை தாங்கும் சுவரை ஒட்டியோ பீமுக்கு மேலேயோ வைத்தால் அந்த வாதம் பெரும்பாலும் செல்லும். தளத்தின் நடுவில் செல்லாது, பால்கனியில் அறவே செல்லாது. தரைத்தளத்திலும் டைல்ஸைத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் ஸ்டாண்டு கால் உட்காரக் கூடாது. பிறகு தொட்டியை வெளியே நிழலில், அதே ஸ்டாண்டின்மேல் வைத்து, கால் அளவு, அரை அளவு என்று நிரப்பி, முன்பக்க வயிற்றை ஒரு நேர்ச்சட்டம் வைத்து அளந்துகொண்டு, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அளவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் மீன் வாங்கச் சென்னை கொளத்தூர் சந்தைக்குக் கிளம்ப வேண்டாம். தண்ணீரை இறக்கிவிட்டு மேல்மூடியையும் கனத்தையும் திரும்பக் கணக்குப் போடுங்கள்.