ஒரே வீட்டில் இரண்டு பூனை: சண்டையில்லாமல் பழக்குவோம்



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு வரவு வைத்து முடித்ததும் ஒரு உறுப்பினர் வருத்தத்தோடு பேசினார். "எலித் தொல்லை தாங்கலைன்னு எங்க அக்கா வீட்டுல இருந்து பூனைக்குட்டி ஒண்ணு கொண்டாந்தேன். ஏற்கெனவே இருந்த பூனை அதைப் பார்த்ததும் சீறிட்டு வெளியே போயிடுச்சு. நாலு நாளா வரலை. குட்டிக்கு எலி பிடிக்கத் தெரியலை. விதைநெல் மூட்டையை எலி கடிச்சுப் போட்டுடுச்சு" என்றார்.

சிலர் சிரித்தார்கள். ஆனால் விதைநெல் போனால் யாருக்குச் சிரிப்பு வரும்? எலி தானியத்தைத் தின்பதோடு விடுவதில்லை. அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் பரவுகிறது. ஆகவே வீட்டுப் பூனைகள் ஒத்துப்போவது நமக்கும் நல்லது. அதற்கான வழியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பூனை ஏன் சண்டை போடுகிறது?

பூனை வாசனையை வைத்துத்தான் தன் இடத்தை அறிகிறது. வாசற்படியிலும் நம் காலிலும் கன்னத்தை உரசுவது தன் வாசனையைப் பூசத்தான். திடீரென்று வேறு வாசனை வந்தால் தன் இடமும் சோறும் போய்விடுமோ என்று பயப்படுகிறது. சீறுவது பயத்தால்தான். அது கெட்ட குணம் அல்ல. அப்போது அடித்தால், 'புதுசு வந்ததால்தான் அடி விழுது' என்று பகை கூடுமே தவிர குறையாது.

பழக்கும் முறை

1. புதுப் பூனையை முதல் சில நாள் தனி அறையிலோ கதவுள்ள கொட்டகையிலோ வையுங்கள். தண்ணீர், சோறு, படுக்கச் சாக்கு, மலம் கழிக்க மணல் போட்ட பழைய தட்டு எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

2. ஒரு பூனை படுத்த துணியை மற்றதன் பக்கத்தில் போடுங்கள். இதுபோல் தினமும் மாற்றிப் போட்டால், நேரில் பார்க்கும் முன்பே வாசனை பழகிவிடும்.

3. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றுக்குச் சோறு வையுங்கள். முதலில் தள்ளி வைத்து, நாளுக்கு நாள் கதவருகே கொண்டுவாருங்கள். கொஞ்சம் கருவாட்டுத் துண்டு சேர்த்தால் இன்னும் நல்லது.

4. இரண்டும் அமைதியாகச் சாப்பிட்டால், குட்டியைக் கோழி மூடும் பஞ்சாரத்துக்குள் விட்டு மேலே கல் வையுங்கள். பழைய பூனை எட்ட இருந்து பார்க்கட்டும். சில நிமிடம் போதும்.

5. பிறகு நாம் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்ச நேரம் சேர்த்து விடலாம். நேரத்தை மெதுவாகக் கூட்டுங்கள். சீறல் அதிகமானால் முந்தின படிக்கே திரும்புங்கள்.

சில வீடுகளில் ஒரு வாரத்தில் பழகும். சில வீடுகளில் மாதத்துக்கு மேலும் ஆகும். அவசரம் வேண்டாம்.

எப்போதும் கவனிக்க வேண்டியவை

* சோற்றுக் கொட்டாங்குச்சி ஆளுக்கு ஒன்று, தள்ளித் தள்ளி வையுங்கள். பழைய பூனைக்கு முதலில் வையுங்கள்.
* பரண், திண்ணை மூலை என்று ஒதுங்க இரண்டு மூன்று இடம் இருக்கட்டும்.
* கடுவன் பூனைகள் வளர்ந்தபின் அதிகம் சண்டையிடும். பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். சுமார் ஒன்பது வாரத்தில் குட்டி போடும். கருத்தடை செய்தால் சண்டையும் குறையும், குட்டிப் பெருக்கமும் குறையும். இது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.
* பூனை வளர்க்கும் வீட்டில் எலி விஷம் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகலாம்.
* காயம்பட்ட பூனைக்கு நம் காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அது பூனைக்கு விஷம்.

சண்டை மூண்டால்

நடுவில் கையை விடாதீர்கள். முறத்தையோ சாக்கையோ இடையில் போட்டுப் பிரியுங்கள். பூனை கடித்தாலும் பிராண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல, பூனையாலும் வரும். நோய் கண்டபின் காப்பாற்றுவது அரிது. 'சின்னக் கீறல்தானே' என்று இருந்துவிடக் கூடாது.

அந்த உறுப்பினர் வீட்டில் என்ன நடந்தது?

குட்டியை மாட்டுக் கொட்டகை அறைக்கு மாற்றினார். பழைய பூனை வழக்கமாகச் சாப்பிடும் இடத்தில் தினமும் சோறு வைத்தார். இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. மேலே சொன்ன படிகளைச் செய்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. "ரெண்டும் ஒண்ணா படுக்கலை. ஆனா திண்ணைக்கு அந்த மூலையில ஒண்ணு, இந்த மூலையில ஒண்ணு சாப்பிடுது. அது போதும்" என்கிறார். ஆமாம், அதுவே போதும். எவ்வளவு முயன்றும் ரத்தம் வரச் சண்டை போட்டால், வேறு உறுப்பினர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடுவது பாவம் மட்டுமல்ல, தீர்வும் அல்ல.

கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் ஊரில் தானியத்தை எலியிடமிருந்து எப்படிக் காக்கிறோம்?
2. பூனை கடித்தால் இதுவரை என்ன செய்தோம்? இனி என்ன செய்வோம்?
3. யார் வீட்டில் குட்டி அதிகம்? யாருக்குத் தேவை?