டார்க்கா, லைட்டா? ஊகிக்காதே, கம்ப்யூட்டரையே கேள்!

போன வாரம் மந்தைவெளியில் எங்கள் மாடி வீட்டுப் பையன் வந்து நின்றான். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிக்கிறான். வீட்டுக் கணக்கு எழுதப் பைத்தானின் டிகிண்டரில் ஒரு புரோகிராம் செய்திருக்கிறான். அவன் விண்டோஸில் பளிச்சென்று இருந்தது. சிநேகிதியின் மேக்கில் தொகையைத் தட்டினால் ஒன்றுமே தெரியவில்லை. பெட்டிக்கு வெள்ளை நிறத்தை அவனே போட்டிருந்தான்; மேக் டார்க் மோடில் இருந்ததால் எழுத்தையும் வெள்ளையாக்கிவிட்டது. மூன்று நாள் முழித்திருக்கிறான், பாவம். முன்னாடியே கேட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை!

கம்ப்யூட்டர் டார்க்கிலா லைட்டிலா இருக்கிறது என்று புரோகிராம் எப்படிக் கேட்பது? உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கேட்டுக்கோ.

1. மணியைப் பார்த்து நிறம் மாற்றாதே. மார்கழியில் ஆறு மணிக்கே அடையாறு இருட்டிவிடும், ஆனியில் ஆறரைக்கும் வெளிச்சம். பட்டப்பகலிலும் டார்க்கில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2. அவசரமா? 'டார்க்டிடெக்ட்' லைப்ரரியை பிப் வழியாகப் போட்டுக்கொள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் அது ஒன்றே போதும். பதில் 'நன்' என்று வந்தால் லைட் என்று வைத்துக்கொள்.

3. லைப்ரரி வேண்டாமென்றால், விண்டோஸில் பைத்தானோடு வரும் 'வின்ரெக்' இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் கரண்ட் யூசர் கிளையில் தீம்ஸ், அதற்குள் பர்சனலைஸ். அங்கே 'ஆப்ஸ்யூஸ்லைட்தீம்' மதிப்பைப் படி. பெயரை நிதானமாகப் பார்: அது "லைட்டா?" என்றுதான் கேட்கிறது. அதனால் 0 வந்தால் டார்க், 1 வந்தால் லைட். எல்லாரும் தலைகீழாக எழுதுவது இங்கேதான். பக்கத்திலேயே 'சிஸ்டம்யூஸஸ்லைட்தீம்' என்று இன்னொன்று இருக்கும். அது டாஸ்க்பாருக்கு, உனக்கு வேண்டாம். பழைய மெஷினில் இந்தப் பதிவே இருக்காது. எர்ரர் வந்தால் பிடித்து லைட் ஆக்கிவிடு.

4. மேக்கில் டார்க் மோட் 2018-இல் மொஜாவேயோடு வந்தது. 'டிஃபால்ட்ஸ்' கட்டளையால் 'ஆப்பிள்இன்டர்ஃபேஸ்ஸ்டைல்' என்ன என்று கேள். டார்க் என்றால் சொல்லும்; லைட் என்றால் "அப்படி ஒன்றே இல்லை" என்று எர்ரர் தரும். அந்த எர்ரர்தான் பதில், பதறாதே.

5. லினக்ஸில் க்னோம் 42 முதல் 'ஜிசெட்டிங்ஸ்' மூலம் 'கலர்-ஸ்கீம்' கேட்கலாம். பதில் மேற்கோள் குறியோடு வரும். அதை உரிக்காமல் ஒப்பிட்டால் எப்போதும் லைட்தான்!

6. வெப் ஆப்பா? உன் பைத்தான் ஓடுவது சர்வரில். கேட்டால் சர்வரின் நிறத்தைத்தான் சொல்லும். பயனாளியின் விருப்பம் பிரவுசருக்குத்தான் தெரியும், சிஎஸ்எஸ்ஸில் கேள்.

7. செட்டிங்கில் 'சிஸ்டம் மாதிரி, லைட், டார்க்' என்று மூன்றும் வை. கண் ஆபரேஷன் ஆன ஒரு அம்மாவுக்கு எது வசதி என்று அவங்களுக்குத்தான் தெரியும்.

புரோகிராமை யாருக்கும் கொடுப்பதற்கு முன் இரண்டு மோடிலும் ஒவ்வொரு பெட்டியிலும் நாலு எழுத்து தட்டிப் பார். அந்தச் சிநேகிதியின் மேக்கைப் போல ஒன்றையும் ஒருதரம் கேட்டு வாங்கு.