மணல்வாரியும் மேனியின் மொழியும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அகத்தே புகுந்த நோயும் சில வேளைகளில் அவ்வாறே புறத்தே தெரியும். ஆயினும், தெரியவேண்டிய காலத்திற்கு முன்னரே அது தன் செயலை முடித்துவிடுதலும் உண்டு. இதற்குத் தட்டம்மை தக்க சான்றாகும். உடம்பெங்கும் மணலை வாரி இறைத்தாற்போலத் தடிப்புகள் காணப்படுதலின், இதனை மணல்வாரி அம்மை எனவும் நம்மவர் வழங்குவர். பெயர் தோலைச் சுட்டினும், நோய் புகும் வாயில் மூச்சுவழியே. ஆதலின், தோலிற் காணும் குறிகள் எதனை உணர்த்துகின்றன, எதனை உணர்த்தத் தவறுகின்றன என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நோயாளர் இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் வைரஸ் கிருமி, அவர் அவ்விடத்தை விட்டு நீங்கிய பின்னரும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிலவ வல்லது. அது பிறர் மூச்சில் கலந்து, ஏறக்குறைய பத்து நாள் யாதொரு குறியுமின்றி உள்ளே பெருகும். பின்னர்க் காய்ச்சலும், வறட்டிருமலும், நீர்க்கோவையும், கண்சிவப்பும் தோன்றும். அப்பொழுது கன்னத்தின் உட்புறத்தே, கடைவாய்ப் பற்களுக்கு எதிரில், செந்நிறப் பரப்பின்மேல் உப்புப்பொடி தூவியது போன்ற வெண்புள்ளிகள் காணப்படலாம். நியூயார்க் நகர மருத்துவர் ஹென்றி கோப்ளிக் 1896-இல் இவற்றை விளக்கியமையால், இவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

இதன்பின்னரே தோல் பேசத் தொடங்குகின்றது. செவியின் பின்புறத்தும் நெற்றியிலும் எழும் தடிப்பு, முகம், மார்பு, கைகால் என மேலிருந்து கீழாகப் பரவும். வந்த முறையிலேயே மறையும். கருநிற மேனியில் செம்மை எளிதிற் புலப்படாது; ஆண்டுக் கண்ணினும் கையே சிறந்த கருவியாம். தடவிப் பார்க்கின் சொரசொரப்பு விளங்கும்.

இத்தடிப்பு யாது? தோலின் நுண்குழாய்களிற் புகுந்த கிருமியை உடலின் காவற்படை எதிர்த்துப் பொருதலால் எழும் அடையாளம் அது. ஆகவே, காவல் வலிகுன்றியோர் சிலர்க்குத் தடிப்பு எழாமலே நோய் நுரையீரலைத் தாக்கி உயிரைக் கவர்தலும் உண்டு. தடிப்பின்மை நோயின்மை ஆகாது.

இன்னும் அஞ்சத்தக்கது ஒன்று உளது. தடிப்பு எழுவதற்கு நான்கு நாள் முன்னரே நோயாளர் பிறர்க்கு நோயைத் தரத் தொடங்குகின்றார். எழுந்த பின்னரும் நான்கு நாள் தருகின்றார். தோல் எச்சரிக்கும்போது பள்ளித்தோழரும் வீட்டுக் குழந்தைகளும் அக்காற்றை முன்னமே உட்கொண்டிருப்பர். 1846-இல் வட அட்லாண்டிக் கடலிலுள்ள பரோயே தீவுகளில் இந்நோய் புகுந்தபோது, ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர் நோயுற்றனர். அதனை ஆராயச் சென்ற டென்மார்க்கு மருத்துவர் பீட்டர் பானும் அப்பொழுது 25 வயதினர். 1781-இல் அங்கே இந்நோய் கண்டு பிழைத்த முதியோரை அது மீண்டும் தீண்டவில்லை என அவர் கண்டார். ஒருமுறை பெற்ற காப்பு அறுபத்தைந்து ஆண்டு கடந்தும் நிலைத்தமை இதனால் விளங்கிற்று.

நோயின் துன்பமின்றி அக்காப்பை அளிப்பதே தடுப்பூசி. 1963-இல் அமெரிக்காவில் அது வழக்கிற்கு வந்தது. நம் நாட்டில் ஒன்பதாம் மாதம் நிரம்பிய குழந்தைக்கு முதல் ஊசியும், பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்திற்குள் இரண்டாம் ஊசியும் இடப்படுகின்றன.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம், பெற்றோருமாவோம். காய்ச்சலும் இருமலும் கண்சிவப்பும் ஒருங்கு காணும் சிறுவரைத் தடிப்பு எழுமளவும் வகுப்பில் இருத்தாது மருத்துவரிடம் அனுப்புவோமாக. இரண்டு ஊசிகளும் இடப்பட்டனவா என இன்றே நம் இல்லத்தில் வினவுவோமாக. மேனியின் மொழியைக் கற்றல் நன்று. அது பேசுமுன் காத்தல் அதனினும் நன்று.