இந்த மழையில் மரத்தோடு புல்லும் பூண்டும் வளரட்டும்

பருவகால ஆலோசனை: புரட்டாசி முதல் மார்கழி வரை, ரமணாசிரமம் பகுதிக்கு

ரமண நகர், செங்கம் சாலை, பெரும்பாக்கம் சாலை, அத்தியந்தல், ஆடையூர் பக்கம் வீடோ மனையோ நிலமோ வைத்திருப்பவர்கள் இந்த வாரம் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காலி மனையைச் சுத்தம் செய்ய ஜேசிபிக்கோ களைக்கொல்லி அடிப்பதற்கோ ஆள் சொல்லியிருந்தால், அதை உடனே நிறுத்தி வையுங்கள். ஆடி, ஆவணி மழையில் முளைத்த தும்பை, கொழுஞ்சி, துத்தி, விஷ்ணுகிராந்தி, கிலுகிலுப்பை எல்லாம் இப்போதுதான் பூவுக்கு வருகின்றன. இன்னும் இரண்டு மாதம் விட்டால் விதை கட்டி, அடுத்த ஆண்டுக்கும் தாமே வழி செய்துகொள்ளும். இப்போது வழித்துப் போட்டால் இந்த ஆண்டுப் பூவும் போய், அடுத்த ஆண்டு விதையும் போய்விடும்.

ஏன் இந்த வேண்டுகோள்?

அண்ணாமலையின் பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலை எப்படி மொட்டையாக இருந்தது என்று. 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகளும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து பாடுபட்டதால், ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்து ஸ்கந்தாசிரமம் ஏறும் கல்பாதையில் இன்று நிழலில் நடக்க முடிகிறது. ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்புகள் நாட்டு மரக்கன்று வளர்ப்பதையும், நடுவதையும், தீத்தடுப்புக் கோடு போடுவதையும் விடாமல் செய்து வருகின்றன. இது பெரிய சாதனை.

அடிவாரத்தில் நடப்பதோ வேறு. மலைக்கும் சமுத்திரம் ஏரிக்கும் நடுவில் கிடந்த புல்தரையும் புதர்க்காடும் மனைகளாகி, சுற்றுச்சுவரும் சிமென்ட் தரையும் ஆகிவருகின்றன. மிச்சம் இருக்கும் இடத்தைத் 'தரிசு' என்கிறோம். அங்கங்கே மரமும் நடுவே புல்லும் பூண்டுமாக இருக்கும் வறண்ட நிலம், கெட்டுப்போன காடு என்று நினைத்துவிடக் கூடாது. அது தனக்கென்று செடிகளும் பூச்சிகளும் பறவைகளும் கொண்ட ஓர் இயற்கை அமைப்பு என்று இந்தியச் சூழலியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். வட அமெரிக்காவில் 'பிரெய்ரி' என்ற புல்வெளியை ஏர் ஓட்டியே தீர்த்தார்கள். உயரப்புல் பிரெய்ரியில் இன்று நான்கு சதவீதம்கூட மிஞ்சவில்லை. இப்போது அங்கே வீட்டு முற்றத்திலும் சாலையோரத்திலும் அந்தச் செடிகளைத் தேடித்தேடி விதைக்கிறார்கள். நமக்கு அந்த நிலை வர வேண்டாம். நம் விதைகள் இன்னும் மண்ணில் இருக்கின்றன.

மரம் பூப்பது ஆண்டில் சில வாரம். புங்கமும் வேம்பும் கோடையில் பூத்து ஓய்ந்த பிறகு, மழைக்காலத்தில் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சோறு போடுவது தரையில் கிடக்கும் பூண்டுகள்தான். ஆகவே மரம் நடுபவர்கள் அதன் காலடியையும் பார்க்க வேண்டும்.

புரட்டாசியில் செய்ய வேண்டியவை

1. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள். கையுறை அவசியம்; தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வந்துவிடும். 1950-களில் இந்தியாவுக்குள் பரவத் தொடங்கிய இந்தச் செடி, பிடுங்கிய இடத்தைக் காலியாக விட்டால் மறுபடி வரும். பிடுங்கிய கையோடு கொழுஞ்சியோ நாய்த்துளசியோ விதைத்துவிடுங்கள்.

2. உண்ணிச்செடியை ஒரே நாளில் முழுக்க வெட்ட வேண்டாம். அழகுக்காக 1800-களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட செடி அது. நம் புல்லையும் பூண்டையும் நெரித்து வளர்கிறது. ஆனாலும் அதன் பூவை நம்பி இன்று பல வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. இந்த ஆண்டு மூன்றில் ஒரு பங்கை வேரோடு தோண்டி எடுத்து, அந்த இடத்தில் நொச்சி, ஆவாரை, ஆடாதொடை வையுங்கள். அவை பூக்கத் தொடங்கிய பிறகு மீதியை எடுக்கலாம்.

3. விதையைத் தயார் செய்யுங்கள். ஆவாரை, கொழுஞ்சி, கிலுகிலுப்பை விதைகளின் தோல் கெட்டி. சொரசொரப்பான மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். தும்பை, நாய்த்துளசி விதைகள் பொடி. அவற்றை நான்கு பங்கு மணலில் கலந்து தூவி, கையால் லேசாக அழுத்தினால் போதும். ஆழமாக மூடினால் முளைக்காது.

4. விதை பக்கத்திலிருந்தே வரட்டும். உங்கள் தெருவோரத்தில், வயல் வரப்பில், ஏரிக்கரையில் நிற்கும் செடியின் விதையே இந்தச் செம்மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் பழகியது. மலை காப்புக்காடு, அங்கிருந்து செடியோ விதையோ எடுக்காதீர்கள். அதேபோல் விதைப்பந்து வாங்கிவந்து மலையில் எறியவும் வேண்டாம். அதற்குள் எந்த விதை இருக்கிறது என்று தெரியாமல் எறிவது உதவியாகாது. மலையில் நடும் வேலையை வனத்துறை அனுமதியோடு செய்யும் அமைப்புகளுடன் சேர்ந்து செய்யுங்கள்.

ஐப்பசியில் நடவு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். மண் ஒரு சாண் ஆழம் நனைந்ததும் நடுங்கள். தீபத்துக்குள் நட்டு முடித்துவிட்டால், மழை நிற்பதற்குள் வேர் பிடித்துவிடும். அதற்குப் பிறகு நட்டால் தை, மாசி முழுக்கக் குடம் சுமக்க வேண்டி வரும்.

வேலியோரத்துக்கு: நொச்சி, ஆடாதொடை. இரண்டும் போத்து வைத்தாலே பிடிக்கும். பென்சில் பருமனுள்ள குச்சியை ஒரு முழம் நறுக்கி, பாதியை மண்ணுக்குள் செருகுங்கள். நடுநடுவே ஆவாரை. வெள்ளைக் கொத்தாகப் பூக்கும் காட்டு இட்லி, மலையடிவாரத்துக்கே உரிய வெப்பாலை, உசிலை கிடைத்தால் பின்வரிசையில் வையுங்கள்.

வெயில் காயும் திறந்த தரைக்கு: தும்பை, கொழுஞ்சி, விஷ்ணுகிராந்தி, சிறுபூளை, நாய்த்துளசி. இடையே கொளுக்கட்டைப்புல், ஊசிப்புல். புல்லை ஒதுக்கிவிடாதீர்கள். எத்தனையோ வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்குப் புல்தான் உணவு.

தொட்டியும் மாடியும் மட்டும் இருப்பவர்களுக்கு: கறிவேப்பிலை, எலுமிச்சை, துளசி, திருநீற்றுப்பச்சை. கறிவேப்பிலை, எலுமிச்சை இலையை 'எலுமிச்சை அழகி' வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும். பறவை எச்சம் போல இருக்கும் புழுவைக் கண்டால் நசுக்காமல் விடுங்கள். நாலு இலை குறைந்தால் ரசத்துக்குக் குறை வராது.

எருக்கு தானாகவே வரும். பிள்ளையாருக்கு மாலை கட்டிய கையால் அதை வெட்டிவிட வேண்டாம். 'வெந்தய வரியன்' வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடி அது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செங்காந்தள் வேலியில் ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். கிழங்கு கடும் நஞ்சு என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கன்றுக்கு ஓர் அடிக் குழி போதும். சரிவான இடமாக இருந்தால் பள்ளப் பக்கம் பிறை வடிவில் கரை கட்டுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலிகாத்தான் முள்ளை வளைத்துக் கட்டுங்கள். இங்கே மயில்கள் அதிகம். விதைத்த இடத்தைக் கிளறிவிடும். காய்ந்த தென்னை ஓலையைப் பத்து நாள் பரப்பி வைத்தால் விதை தப்பும்.

பூவருகே கொஞ்சம் நின்று பாருங்கள்

காலை ஏழு, எட்டு மணிக்கு ஆவாரம்பூ பக்கத்தில் நில்லுங்கள். ஆவாரையில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அந்த மகரந்தமும் நுனியில் துளை உள்ள குழாய்க்குள் அடைத்து வைத்தது போல் மகரந்தப்பைக்குள் இருக்கும். ஊரில் கருவண்டு என்று சொல்லும் தச்சுத் தேனீ வந்து பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிடும். 'ர்ர்ர்' என்ற சத்தம் அப்போது வேறு சுருதியில் கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தம் பொடியாகக் கொட்டும். சின்ன மகரந்தப்பைகளிலிருந்து வருவதைத் தேனீ தன் கூட்டுக்கு எடுத்துக்கொள்ளும். கீழே வளைந்து நிற்கும் நீண்ட பைகளிலிருந்து தெறிப்பது அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

கத்தரியும் தக்காளியும் இதே அமைப்புத்தான். இந்த அதிர்வு கிடைத்தால் காய்ப்பிடிப்பு கூடும். வரப்பில் நாலு ஆவாரை நின்றால் தோட்டத்துக்கு இந்தத் தேனீக்கள் வந்து போகும் என்பதைக் கத்தரி போடும் விவசாயிகள் கவனத்தில் வைக்க வேண்டும். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், தேனீ கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடியுங்கள். பூத்திருக்கும் செடிமேல் அடிக்காதீர்கள்.

இதே ஐப்பசியில், தென்மேற்குப் பருவமழையை ஒட்டிக் கிழக்கே வந்திருந்த நீல வரியன் வண்ணத்துப்பூச்சிக் கூட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் திரும்பும். காய்ந்துபோன கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் ஆண் பூச்சிகள் மொய்ப்பதைக் காணலாம். அந்தச் செடிகளின் சாறிலிருந்துதான் பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளை அவை தயாரிக்கின்றன. காய்ந்தது என்று அவற்றைப் பிடுங்கி எரிக்காதீர்கள்.

கூடுகளுக்கும் இடம் விடுங்கள்

பூ மட்டும் இருந்தால் போதாது. தங்க இடமும் வேண்டும். உலகத் தேனீ இனங்களில் பெரும்பகுதி மண்ணுக்குள் வளை தோண்டித் தனியாக வாழ்பவை. கெட்டித்த மண்ணில் பென்சில் நுழையும் அளவு துளையும், சுற்றிலும் சலித்தது போன்ற மண்ணும் தெரிந்தால், அதை எறும்புப் புற்று என்று நினைத்து மருந்து போட வேண்டாம். தோட்டத்தில் வெயில் படும் ஓர் ஓரத்தைச் சிமென்ட் போடாமல், கொத்தாமல் விடுங்கள். காய்ந்த தண்டுகளை மாசி வரை வெட்டாதீர்கள். சிறிய தேனீக்கள் அதற்குள் முட்டையிடும். நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் இரவில் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். அந்தியில் டார்ச் இல்லாமலே பார்க்கலாம்.

குளவிக்கூட்டைக் கொளுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுவோம். ரமண மகரிஷி மலையில் நடந்தபோது ஒரு புதரில் இருந்த குளவிக்கூட்டில் தொடை பட்டுவிட, கலைத்தது தன் பிழை என்று குளவிகள் கொட்டி முடிக்கும்வரை அசையாமல் நின்றார் என்று அவர் வரலாறு சொல்கிறது. நாம் அப்படி நிற்க வேண்டியதில்லை. கூடு இருக்கும் புதரைப் பத்தடி தள்ளிச் சுற்றிப் போனால் போதும். வாசலிலோ பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ கட்டியிருந்தால் மட்டும், தெரிந்தவர்களைக் கூப்பிட்டு அகற்றுங்கள்.

"பாம்பு வருமே, கொசு வருமே"

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும், நியாயமான கேள்வி. வீட்டுச் சுவரை ஒட்டி நாலடி அகலமும், நடைபாதையின் இரு பக்கமும் புல்லைக் குட்டையாக வைத்திருங்கள். செங்கல், விறகு, ஓடு எதையும் சுவரோரம் குவிக்காதீர்கள். எலி குறைந்தால் பாம்பு வரத்தும் குறையும். புல்வெளியை மனையின் எல்லையோரம் வையுங்கள். இரவில் வெளியே போனால் விளக்கு எடுத்துப் போங்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். தேங்காய்ச் சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

சரிவில் வீடு இருப்பவர்களுக்கு

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து ஏழு உயிர்கள் போயின. அவ்வளவு பெரிய சரிவைப் புல் தாங்கிவிடும் என்று யாரும் நம்பி இருந்துவிடக் கூடாது. கனமழை எச்சரிக்கை வந்தால் வெளியேறுவதே வழி. ஆனால் அன்றாட மழையில் மேல்மண்ணைப் பிடித்து வைப்பது புல்லின் வேர்தான். சரிவை வெட்டாதீர்கள், செதுக்காதீர்கள். மழைநீர்க் கால்வாயை மண்ணும் குப்பையும் இல்லாமல் வைத்திருங்கள்.

கார்த்திகை, மார்கழியில்

தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கிரிவலம் வருபவர்கள் ஒதுங்கும் இடமெல்லாம் பிளாஸ்டிக் சேரும். மறுநாள் காலை உங்கள் வாசல் எதிரே இருப்பதை மட்டுமாவது பொறுக்கிவிடுங்கள். செடி மேல் மிதித்து நிற்காதபடி நாலு கல்லை வரிசையாக வைத்தால் போதும். மார்கழியில் ஆவாரை, தும்பை விதைகளைச் சேகரித்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் ஊரும் மாதமும் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் பறிக்காமல் பாதியைச் செடியிலேயே விடுங்கள். பொங்கலுக்கு ஆவாரம்பூவும் சிறுபூளையும் பறிக்கும்போதும் இதே கணக்கு.

தை பிறந்ததும் புல் காயும். மாசி, பங்குனியில் மலையில் தீ பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம். அடிவாரத்தில் சருகையோ குப்பையையோ எரிக்காதீர்கள். மனை மலைப் பக்கம் இருந்தால் எல்லையோரம் பத்தடி அகலத்துக்குப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுங்கள்; அதுவே தீத்தடுப்பு. புகை கண்டால் 101-க்கு உடனே சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்ய நேரமில்லை என்பவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். மனையின் ஒரு மூலையில் பத்துக்குப் பத்தடி இடம் ஒதுக்கி, களைக்கொல்லி அடிக்காமல், ஒரு பிடி தும்பையும் ஒரு பிடி கொழுஞ்சியும் தூவுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு பிடி கொடுங்கள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும்.