மழைக்கு முன் சங்குப்பூவும் ஆவாரையும்: புரட்டாசி வேலைகள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக ஐப்பசி பிறந்ததும் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய இந்த வாரங்கள்தான் சங்குப்பூவையும் ஆவாரையையும் ஊன்ற ஏற்ற நேரம். இரண்டும் அவரைக் குடும்பத்துப் பல்லாண்டுச் செடிகள். வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும். வேரடியில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது.

விதை நேர்த்தி
இரண்டுக்கும் விதைத்தோல் கெட்டி. அப்படியே ஊன்றினால் பல விதைகள் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். விதையின் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாதவற்றை மறுபடி தேய்த்து ஊறப் போடுங்கள்.

இடம்
நல்ல வெயில் வேண்டும். களிமண் நிலமானால் மேட்டுப்பாத்தி போடுங்கள். சங்குப்பூவுக்கு ஓர் அடி ஆழத் தொட்டியும் ஏறிப் படர வேலியும் போதும். ஆவாரையின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. நிலையான இடத்திலேயே விதையுங்கள்.

உரம்
சங்குப்பூவுக்கு யூரியா வேண்டாம். போட்டால் இலைதான் தழைக்கும், பூ குறையும். தழைச்சத்தை அதன் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவே காற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. புதுத் தொட்டியானால், நோயில்லாத பழைய சங்குப்பூக் கொடியின் அடிமண்ணில் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். ஆவாரை வேரில் இந்த முடிச்சு வராது. அதற்கு ஊன்றும்போதே மக்கிய தொழுவுரம் இடுங்கள்.

பழைய கொடி
அடியில் கட்டையாகி நுனியில் மட்டும் பூக்கும் சங்குப்பூவை முழங்கால் உயரத்துக்கு இப்போதே வெட்டிவிடுங்கள். மழையில் துளிர்க்கும் புதுக் கிளைகளில் பூ பிடிக்கும். பிறகு, விதைக்கு வேண்டிய காய்களை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளுங்கள். காய் முற்ற முற்றப் பூப்பு குறையும்.

பூச்சி
நுனித்தளிரில் அசுவினி அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். ஆவாரை இலையைத் தின்னும் பச்சைப்புழு பெரும்பாலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. வளர்ந்த செடி மறுபடி தழைத்துக்கொள்ளும், மருந்தடிக்க வேண்டாம்.

விதை சேமிப்பு
சங்குப்பூக் காய் பழுப்பானதும் பறித்துவிடுங்கள். விட்டால் வெடித்துச் சிதறும். விதையைத் தின்றால் பேதியாகும் என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.