அம்மாவின் தொடை எலும்பு ஒடியுமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசல் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் இப்போது எலும்புக்கும் பரவியிருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. வலது மேல்தொடையில் வலி. தீப்பெட்டி வேலைக்குத் தரையில் உட்கார்ந்து எழும்போது துடித்துப்போகிறார். எலும்பு ஒடிந்துவிடுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவு சொல்ல முடியும். முக்கியமான தடயத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். சும்மா இருக்கும்போதும் வலிக்கலாம். ஆனால் காலை ஊன்றும்போது சுரீரென்று வரும் வலி, எலும்பு உடல் எடையைத் தாங்க முடியாமல் திணறுவதைக் காட்டுகிறது.

1989இல் மிரல்ஸ் என்ற மருத்துவர் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். பாதிப்பு எந்த இடத்தில், வலி எப்படி, எலும்பு அரித்திருக்கிறதா இறுகியிருக்கிறதா, எலும்பின் குறுக்களவில் எத்தனை பங்கு போயிருக்கிறது என்று நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். 9 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒடிவதற்கு முன்பே உள்ளே கம்பி வைத்துவிடுவது நல்லது. 8 என்றால் டாக்டர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய நிலை. உங்கள் அம்மாவுக்குப் பாதிப்பு இடுப்பை ஒட்டிய தொடை எலும்பில்தான் என்றால் இடத்துக்கு 3, ஊன்றும் வலிக்கு 3. மற்ற இரண்டும் ஆகக் குறைவாக வந்தாலும் மொத்தம் 8. அதனால் தாமதிக்கக் கூடாது.

இந்த முறை ஒடியப்போகும் எலும்பைப் பெரும்பாலும் தவறவிடாது. ஆனால் ஒடியாத எலும்பையும் பல நேரம் ஆபத்து என்று சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்து, எலும்பின் வெளிச்சுவர் எவ்வளவு நீளத்துக்கு அரித்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

இந்த வாரமே திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழுத் தொடைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எலும்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே அரிப்பு எக்ஸ்ரேயில் தெரியும் என்பதால், படம் சுத்தமாக இருந்தாலும் வலியைச் சொல்லாமல் திரும்ப வேண்டாம். எலும்பு டாக்டர், புற்றுநோய் டாக்டர் இருவருமே பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தால் வலி குறையும். ஆனால் எலும்பு இறுக மாதக்கணக்காகும். வலி போனதும் வேலைக்கு இறங்கிவிடக் கூடாது. எலும்பைக் காக்கும் சோலெட்ரானிக் அமில ஊசி போடுமுன் பல்லையும் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும்.

டாக்டர் சரி என்று சொல்லும்வரை தரையில் உட்கார வேண்டாம். வாக்கர், நாற்காலி டாய்லெட் இரண்டும் வாங்குங்கள். மழை பெய்த கரிசலில் நடக்க விடாதீர்கள்: மண் பாதத்தைக் கவ்விக்கொள்ள உடம்பு மட்டும் திரும்பும், அந்தத் திருகலே அரித்த எலும்பை ஒடித்துவிடும். எண்ணெய் தேய்த்து நீவி விடுவதாக யார் வந்தாலும் தொட விடாதீர்கள்.

முதுகு வலியோடு கால் மரத்தாலோ சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே, நடு ராத்திரியானாலும், 108ஐக் கூப்பிடுங்கள்.